பூங்கா வலம்: உட்கார்ந்த நிலையில் ஓர் ஆய்வு

சென்னையில் விடியற்காலையில் மாநகராட்சிப் பூங்காவின் இரும்புக் கதவு திறந்ததும் முண்டியடித்து உள்ளே போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்? இதற்கு வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் விடை, ‘உடம்பைக் குறைக்க’ என்பது. அதை ஏற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே பூங்காவில் அதே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிற எவருக்கும் உடம்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஒன்று, காரியம் நடக்காமல் இருக்க வேண்டும். அல்லது சொல்லப்படும் காரணம் தவறாக இருக்க வேண்டும். காரியம் மழையோ பனியோ பார்க்காமல் தினமும் நடக்கிறது. ஆகவே காரணத்தைச் சந்தேகிப்பதே முறை.

இக்கட்டுரையின் கருதுகோள் இது: காலை நடை என்பது உடற்பயிற்சி அன்று. அது பேசுவதற்குக் கட்டப்படும் நுழைவுக் கட்டணம். சினிமாவுக்கு ரூபாயில் கட்டுகிறோம், இங்கே காலால் கட்டுகிறோம்.

ஆய்வு எல்லை பற்றி ஒரு வார்த்தை. ஜிம் இதில் சேர்க்கப்படவில்லை. ஜனவரியில் ஆண்டுச் சந்தா கட்டிப் பிப்ரவரியில் நின்றுபோகும் அந்த வழக்கம் உடற்பயிற்சித் துறையைச் சேர்ந்ததல்ல, நன்கொடைத் துறையைச் சேர்ந்தது. மொட்டைமாடியில் தனியாக நடப்பவர்களும் விலக்கப்பட்டுள்ளனர். அவர்கள் உண்மையாகவே நடக்கிறார்கள். கள ஆய்வு தென் சென்னையின் பூங்காக்களில், யாரோ புண்ணியவான் தன் தாயார் நினைவாக உபயம் செய்த சிமெண்ட் பெஞ்சுகளில் உட்கார்ந்தபடி நிகழ்த்தப்பட்டது. ‘நீங்க நடக்கலையா சார்?’ என்று பலரும் கேட்டார்கள். நகரும் பொருளை நகராத இடத்திலிருந்து அளப்பதே சரியான முறை என்று விளக்கியும் அவர்களுக்குத் திருப்தி இல்லை.

இத்துறையின் மூலநூல் ஒரே ஒரு வரி. அது மருந்துச்சீட்டின் அடியில் கிடக்கிறது. மேலே எழுதியிருக்கும் மாத்திரைப் பெயர்களை மருந்துக்கடைக்காரரைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாது. கடைசி வரியை மட்டும் டாக்டர் வாயாலும் சொல்லிவிடுகிறார்: ‘டெய்லி முக்கால் மணி நேரம் வாக்கிங் போங்க.’ இந்த ஒரு வரிக்கு எழுந்துள்ள உரைகள் கொஞ்சநஞ்சமல்ல. டெய்லி என்றால் ஞாயிறு நீங்கலாக என்பது ஓர் உரை. முக்கால் மணி நேரம் என்பது வீட்டுப் படியிறங்கியதிலிருந்து வீட்டுப் படியேறும் வரை, நடுவில் டீக்கடையில் நிற்பதும் கணக்கில் சேரும் என்பது மற்றோர் உரை. போகச் சொன்னாரே தவிர வேகமாகப் போகச் சொல்லவில்லை என்பது பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்ட உரை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றது. நிமிடத்தை மட்டும் எண்ணினால் நம் பூங்காக்காரர்கள் ஜெனீவாவுக்கே பாடம் எடுக்கலாம். தகராறு ‘மிதமான’ என்ற இடத்தில்தான். அதற்குப் பிறகு வருவோம்.

டாக்டரின் அந்த வரிக்குப் பின்னால் இருப்பது சர்க்கரை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அதை முன்னின்று நடத்தியதும் சென்னையில் இருக்கும் ஆய்வு நிறுவனம்தான், தூரத்துச் சங்கதி அல்ல. பூங்காவில் இரண்டு பேர் புதிதாக அறிமுகமாகும்போது பெயர் சொல்லிக்கொள்ளும் முன்பே இரண்டு எண்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்: சாப்பிடும் முன், சாப்பிட்ட பின். முன்னொரு காலத்தில் ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் பாகற்காய் தின்று, வேர்க்க விறுவிறுக்க நடந்து, நல்ல எண்ணோடு டாக்டர் முன் போய் நிற்கும் உத்தி செல்வாக்காக இருந்தது. அதை ஒழித்துக் கட்டியது ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் மேல் ஒட்டிக்கொண்டே வருகிறது. தீபாவளிக்கு ஒளித்துவைத்துத் தின்ற மைசூர்பாகைப் பொங்கலுக்கு முன் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பூங்காவில் நல்லவிதமாகப் பேசிய ஒருவரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை.

இடவியல் சான்று ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். மயிலாப்பூர் லஸ் பகுதியில் காலை நடைக்குப் பேர்போன பூங்கா, நாகேஸ்வர ராவ் பூங்கா. யார் இந்த நாகேஸ்வர ராவ்? பத்திரிகையாளர், விடுதலைப் போராட்டக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவர். முழங்கால் வலிக்காக நடக்க வந்து, நடந்ததால் முழங்கால் வலித்து, வீட்டுக்குப் போய்த் தைலம் தடவிக்கொள்ளும் ஒரு முழுச் சுழற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த மாநகராட்சியும் வைத்திருக்க முடியாது. இது தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இனி திசை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஓடுகளத்தில் ஓடுகிறவரின் இடக்கை உட்பக்கமாக இருக்க வேண்டும் என்பது தடகள விதி. கோயிலில் வலக்கை உட்பக்கம் இருக்க வேண்டும் என்பது நம் விதி. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் வீரர்கள் கடிகார முள் திசையில், அதாவது நாம் பிள்ளையாரைச் சுற்றுகிற திசையில்தான் ஓடினார்கள். பிறகு அவர்கள் மாறிவிட்டார்கள், நாம் மாறவில்லை. எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாத பூங்காவிலும் தமிழர்கள் தாமாகவே வலம் வருகிறார்கள். நடுவில் சாமி இருக்க வேண்டியதில்லை. காய்ந்துபோன செயற்கை நீரூற்று போதும். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றிவருகிறவர்களில், தெருமுனைக் கடைக்குத் தயிர் பாக்கெட் வாங்க ஸ்கூட்டரில் போகிறவர்கள் எத்தனையோ பேர். வலம் என்றால் கால் வலிப்பதில்லை. இது உடலியலுக்கு எட்டாத விஷயம்.

ஆனால் எல்லாப் பூங்காவிலும் எதிர்த்திசையில் வருகிற ஒருவர் இருப்பார். இவரை ஒழுங்கில்லாதவர் என்று மற்றவர்கள் ஏசுவார்கள். நேர்காணலில் அவர் சொன்ன பதில் இவ்வாய்வுக்கே திறவுகோல் ஆனது: ‘கூடவே போனா முதுகைத்தானே சார் பாத்துட்டிருக்கணும்? எதுக்க போனா எல்லார் மூஞ்சியும் பாக்கலாம்.’ கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகிற இருவர், ஆயுசுக்கும் சுற்றினாலும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. எதிர்த்திசைக்காரரோ ஒவ்வொருவரையும் ஒரு சுற்றில் இருமுறை சந்திக்கிறார். பூங்காவுக்கு வருவதன் நோக்கம் மனிதரைப் பார்ப்பது என்றால், அதை ஆகச் சிறந்த முறையில் நிறைவேற்றுகிறவர் எல்லோரும் திட்டுகிற அவர்தான்.

அவரால் பிறக்கும் சங்கடமும் ஆய்வுக்குரியது. முதல் சந்திப்பில் ‘குட் மார்னிங் சார்!’ பல் தெரியச் சிரிப்பு, கையும் உயரும். அரைச் சுற்றுக்குள் அதே முகம் மறுபடி எதிரே வருகிறது. இப்போது சிரிப்பு மட்டும். மூன்றாவது முறை புருவம் லேசாக ஏறி இறங்குகிறது. நான்காவது முறை இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் செல்போனை எடுத்துப் பார்க்கிறார், மற்றவர் தூங்குமூஞ்சி மரத்தில் என்ன பறவை என்று அண்ணாந்து பார்க்கிறார். ஐந்தாவது முறை, பத்தடி தூரம் இருக்கும்போதே ஒருவர் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டுகிறார். வணக்கம் அரைச் சுற்றுக்குப் பாதியாகத் தேய்ந்துகொண்டே போகும் இந்த நிகழ்வை ‘வணக்கத் தேய்மான விதி’ என்று அழைக்கலாம். அடுத்த நாள் காலை அது மறுபடி முழு மதிப்பில் தொடங்குகிறது என்பதுதான் வியப்பு.

இப்போது ‘மிதமான’ என்ற சொல்லுக்கு வருவோம். மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகமே மிதமான வேகம். நம்மவர்கள் இச்சோதனையின் முதல் பாதியில் மாநில அளவில் முதலிடம் வாங்கக்கூடியவர்கள். இரண்டாம் பாதியில்தான் தோல்வி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு இளையராஜாவோடு சேர்ந்து சரணம் வரை மூச்சு வாங்காமல் முணுமுணுத்துக்கொண்டு போகிறவர், மருத்துவக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் இவ்வாய்வாளரைவிட ஒரு படிதான் மேலே.

பேச்சுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைத் துல்லியமாகக் காண, நால்வர் அணி ஒன்றைப் பின்தொடரலாம், கண்ணால் மட்டும். நான்கு பேர் ஓய்வுபெற்றவர்கள், நடைபாதையின் முழு அகலத்துக்கும் ஒரே வரிசை. பின்னால் வருகிறவர் இருமுகிறார், செருப்பைத் தரையில் தேய்க்கிறார், கடைசியில் ‘சார், கொஞ்சம்...’ என்கிறார். வரிசை வழிவிட்டு, மறுபடி மூடிக்கொள்கிறது. வங்கி வைப்புநிதிக்கு மூத்த குடிமக்களுக்குத் தரும் கூடுதல் அரை சதவீதம் பற்றிய பேச்சில் வேகம் சீராக இருக்கிறது. பஞ்சப்படி நிலுவைக்கு வந்ததும் கொஞ்சம் ஏறுகிறது. கோபம் காலுக்கும் இறங்கும். அடுக்குமாடிச் சங்கத் தேர்தலுக்கு வரும்போது கை வீச்சு குறைகிறது, ஏனென்றால் கை வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது. பிறகு ஒருவர் சொல்கிறார்: ‘அப்ப அவன் என்னைப் பாத்து என்ன கேட்டான் தெரியுமா?’ நால்வரும் நின்றுவிடுகிறார்கள். நடந்துகொண்டே கேட்கக்கூடிய சங்கதி அல்ல அது. அவன் கேட்டதும், இவர் சொன்னதும், சொல்லியிருக்க வேண்டியதும் முடிந்த பின்னரே எட்டுக் கால்களும் நகர்கின்றன. கதை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக நடை. உண்மையிலேயே அருமையான கதை சொல்லி ஒருவர் குழுவில் இருந்தால் ஒருவருக்கும் சர்க்கரை இறங்க வாய்ப்பில்லை.

பெண்கள் அணி இவ்விதிக்கு விலக்கு. காட்டன் புடவை, அதன் கீழ் மகன் வாங்கி அனுப்பிய ஆரஞ்சு நிற ஷூ, கையில் கொத்துச்சாவி. இவர்கள் நிற்பதில்லை. வீட்டில் பால் வந்திருக்கும், ஏழு மணிக்குள் யாருக்காவது டிபன் கட்டியாக வேண்டும். நால்வர் அணி ஒரு காலையில் பேசி முடிக்கும் விஷயங்களை மூன்றே சுற்றில், மூச்சிரைக்க, ஒன்றுவிடாமல் பேசி முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மிதமான வேகத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கிறவர்கள் இவர்கள் மட்டுமே. அதற்கும் காரணம் உடல்நலம் அல்ல, இட்லிப் பானை.

காலடிக் கணக்கு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாளொன்றுக்கு 10,000 அடி என்ற எண் எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடி அளக்கும் கருவியோடு வந்த எண் அது. 2019இல் அமெரிக்காவில் மூத்த பெண்களிடம் நடத்திய ஆய்வில் நாளுக்கு 4,400 அடிக்கே பலன் தெரிந்தது. 7,500க்கு மேல் போனதால் கூடுதல் லாபம் காணவில்லை. இதைப் பூங்காவில் சொன்னபோது, ‘அப்ப மீதி 2,500ஐ நாளைக்கு வெச்சுக்கலாமா?’ என்று கேட்டார் ஒரு முன்னாள் கணக்கு அதிகாரி. மணிக்கட்டில் கட்டும் கைக்கடிகாரம் அளப்பது காலை அல்ல, கையின் ஆட்டத்தை. பேரனைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே ஆயிரக்கணக்கில் அடி சேர்க்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். காய்கறி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போகிறவர் கையில் அதைக் கட்டினால், பாவம், பாதிக் கணக்குக்கூட ஏறாமல் போகலாம்.

பூங்கா ஓரத்தில் மாநகராட்சி நிறுவியிருக்கும் மஞ்சள்-நீலம் பூசிய இரும்புக் கருவிகளின் பயன்பாடு, வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்காத திசையில் வளர்ந்துள்ளது. காற்றில் நடக்கும் கருவி குழந்தைகளின் ஊஞ்சல். தோளைச் சுழற்றும் சக்கரத்தில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது, உரிமையாளர் மூன்றாவது சுற்றில் இருக்கிறார். காலால் உந்தும் கருவியின் இருக்கையில் ஒருவர் தினத்தந்தி விரித்திருக்கிறார். பக்கம் திருப்பும்போதெல்லாம் உடம்பு முன்னால் வர, முழங்கால் மடங்கி நிமிர்கிறது. நாளிதழில் பக்கம் எத்தனையோ அத்தனை முறை. ராசிபலனுக்கு மட்டும் திரும்பிப் போவதால் ஒன்று கூடும்.

கிழக்கு மூலையிலிருந்து ‘ஹோ ஹோ, ஹஹ்ஹஹ்ஹா’ என்ற சத்தம் எழும்போது புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். அது சிரிப்பு மன்றம். 1995 மார்ச்சில் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்தே பேரோடு தொடங்கியது. முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாளில் நல்ல ஜோக்குகள் தீர்ந்துபோய், கெட்டவை மட்டும் மிஞ்சின. அதன் பிறகே, காரணம் இல்லாமலே சிரிப்பது என்ற முறைக்கு மாறினார்கள். அலுவலகத்தில் மேலதிகாரியின் நகைச்சுவைக்கு முப்பது வருஷம் சிரித்து ஓய்வுபெற்றவர்களுக்கு இதில் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை என்பது கள ஆய்வில் தெரியவந்தது.

இனி ஊட்டம். பூங்கா வாசலில் டிவிஎஸ் எக்ஸெல்லின் பின்னிருக்கையில் எவர்சில்வர் தூக்குகளை அடுக்கிவைத்திருக்கிறார் சாறுக்காரர். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், கொள்ளு சூப், முடக்கத்தான் சூப். ஒவ்வொன்றும் எந்த நோய்க்கு என்று கேட்டால், எதிரே நிற்பவருக்கு என்ன நோயோ அதற்கு. அருகம்புல் சாற்றை வாங்கி, கண்ணை மூடி, ஒரே மடக்கில் விழுங்கி, முகத்தைச் சுளித்து, ‘ம்ம்’ என்று தலையாட்டுகிறார்கள். தண்டனை இத்தோடு முடிந்தது. அடுத்து ஐம்பதடி தள்ளியிருக்கும் டிபன் கடை.

எழுபது கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் நடந்தால் 250 கலோரிக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் செலவாகும். மேலே கண்ட நால்வர் அணியின் நிறுத்தங்களைக் கழித்தால் பாதி தேறும் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்கள் என்பதால் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மெதுவடை அந்தப் பாதியை அப்படியே ஈடுகட்டிவிடுகிறது. நெய் மிதக்கும் பொங்கல் வந்தால் மறுநாள் நடையும் சேர்த்து அடமானம். ‘நடந்தாச்சில்ல, ஒண்ணு சாப்பிடலாம்’ என்பதே பொதுவான வாதம். இரண்டாவது வடைக்கு வாதம் தேவைப்படுவதில்லை. சாம்பாரில் முதல் வடை ஊறும்போதே அது இலைக்கு வந்துவிடும். காப்பிக்கு மட்டும் ‘சர்க்கரை வேண்டாம்பா’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுகிறார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கிவைத்தது. அப்போது சுகாதாரத் துறையின் அமைச்சராக இருந்தவர் நூற்றுக்கும் மேற்பட்ட மாரத்தான்களில் ஓடியவர். எட்டு கிலோமீட்டர் நேராகப் போனால் கேட்டுக்கொண்டே வருவதற்கு எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள கதை வேண்டும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தோன்றவில்லை போலும். அதே அரசின் கீழ் வரும் பூங்காக்களில் இருக்கும் எட்டு வடிவப் பாதையோ கூட்டத்தை ஈர்க்கிறது. அதில் எதிரெதிராகப் போகிறவர்கள் நடுவில் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ள நேர்வதால், அங்கே நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போக முடியாது.

கருதுகோளை மெய்ப்பிக்க ஒரு சோதனை வேண்டும். நடையை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டால் என்ன ஆகும்? இதை எந்த ஆய்வாளனும் செய்துபார்க்க முடியாது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் செய்துகாட்டுகிறது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் பூங்காவில் முழங்கால் தண்ணீர். காவலாளி கதவைப் பூட்டிவிடுகிறார். நடை உண்மையான நோக்கமாக இருந்தால் அன்று எல்லோரும் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும்.

எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அதே ஆறு மணி, அதே ஷூ, கையில் குடை, தலையில் மங்கி குல்லா. வெளியே 24 டிகிரி இருக்கும், குளிராம். டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். எதிர்த்திசைக்காரரும் இருக்கிறார், இன்று எல்லார் முகத்தையும் சுற்றாமலே பார்க்க முடிவதால் அவருக்கு ஏக சந்தோஷம். பஞ்சப்படி, வைப்புநிதி, அடுக்குமாடிச் சங்கம் என்று வழக்கமான வரிசையில் பேச்சு நகர்கிறது. முக்கால் மணி நேரம் ஆனதும் மழை விட்டுவிடுகிறது. காவலாளி தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்து பூட்டைத் திறந்து, ‘சார், நடைபாதையில தண்ணி இறங்கிடுச்சு, உள்ள வாங்க’ என்று கூப்பிடுகிறார்.

நால்வரில் மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ‘இனிமே எங்கப்பா, டைம் ஆயிடுச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று குடையை மடக்கிவிட்டு, வடை போட்டாச்சா என்று கடைக்காரரிடம் விசாரித்தார்.